எச்.ஐ.வி. உள்ளவருக்கு நுரையீரல் புற்றுநோய்: பழி எந்த வைரஸ் மீது?

கேள்வி: எனக்கு 49 வயது. 13 ஆண்டுகளாக அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். தொற்று தெரிய வந்தபோது சி.டி.4 (எதிர்ப்பு வெள்ளையணு) எண்ணிக்கை 88. அதே வருடம் டிபி வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். இப்போது சி.டி.4 540, வைரல் லோடு ‘கண்டறியப்படவில்லை’ என்றே வருகிறது. 22 வருடமாகத் தினம் 15 பீடி குடிக்கிறேன். எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் நுரையீரல் புற்றுநோயில் இறந்துவிட்டார். எச்.ஐ.வி. இருந்தால் எச்.பி.வி. போன்ற வேறு வைரஸ்கள் நுரையீரலில் புகுந்து புற்றுநோயை உண்டாக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? அப்படி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் உண்டா? தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? என் மனைவிக்கும் தொற்று உண்டு. அவர் புகைப்பதில்லை. அவருக்கும் இந்தப் பயம் உண்டா?

பதில்: முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் வழக்கமான நுரையீரல் புற்றுநோய்க்கு இன்ன வைரஸ்தான் காரணம் என்று இதுவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. சந்தேகப் பட்டியலில் பல பெயர்கள் வந்து போயிருக்கின்றன. அந்தச் சந்தேகத்துக்கு நியாயமான காரணமும் இருந்தது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே அந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் எழுதியிருக்கிறது: 22 வருடம், தினம் 15 பீடி.

வைரஸ் மேல் சந்தேகம் எப்படி வந்தது என்று பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவது உண்மை. புகைப்பழக்கத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆபத்து மிஞ்சுகிறது என்று அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள் பல சொல்கின்றன. (அந்தக் கழித்தல் கணக்கு அவ்வளவு துல்லியமானது அல்ல. ‘ஒரு நாளைக்கு எத்தனை?’ என்று கேட்டால் பலர் குறைத்துத்தான் சொல்வார்கள். கழிபடாத புகையும் அந்த இரண்டு மடங்குக்குள் ஒளிந்திருக்கும்.) எய்ட்ஸோடு சேர்த்துப் பேசப்படும் மூன்று புற்றுநோய்களுக்கும் பின்னால் வைரஸ் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவர் செல்களில் வரும் கபோசி சர்கோமாவுக்கு எச்.எச்.வி.-8 என்ற ஹெர்பெஸ் வகை வைரஸ், 1994-ல் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி கண்டுபிடித்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்ற பாப்பிலோமா வைரஸ். நிணநீர்ப் புற்றுநோய்களில் பலவற்றுக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈ.பி.வி. இந்த வரிசையில் நுரையீரலையும் வைத்துப் பார்க்கத் தோன்றியது இயல்பே.

2007-ல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீடு இந்த எண்ணத்துக்கு வலு சேர்த்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களையும், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரு சாராரின் வாழ்க்கை முறையும் வேறு. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பது மட்டும்தான் பொது. இருவருக்குமே நுரையீரல் புற்றுநோய் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் அப்படிக் கூடவில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்தால் எல்லாப் புற்றுநோயும் ஒரே மாதிரி கூடுவதில்லை என்றால், கூடும் புற்றுநோய்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு கிருமி இருக்கலாமே என்பதுதான் கேள்வி.

கட்டியில் வைரஸ் இருந்தது என்ற ஒன்றை வைத்து, வைரஸ்தான் கட்டியை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. கட்டியின் ஒவ்வொரு புற்று செல்லிலும் அந்த வைரஸின் மரபணு இருக்க வேண்டும். இருந்தால் போதாது, அது அங்கே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். தொற்று முதலில் வந்திருக்க வேண்டும், புற்றுநோய் பிறகு. தொற்றைத் தடுத்தால் புற்றுநோயும் குறைய வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் எச்.பி.வி. இந்த நான்கையும் நிறைவேற்றுகிறது. நுரையீரலில் எந்த வைரஸும் இதுவரை இந்த நான்கையும் தாண்டவில்லை.

வீடியோவில் கேட்ட எச்.பி.வி.யை எடுத்துக்கொள்வோம். இந்தப் பேச்சு பழையது. 1979-ல் பின்லாந்தைச் சேர்ந்த நோய்க்குறியியல் நிபுணர் கரி சிர்யானென், மூச்சுக்குழல் புற்றுநோய்த் திசுக்களில் பாலுண்ணிகளில் காணப்படுவது போன்ற மாற்றங்கள் இருப்பதைக் கவனித்து எழுதினார். 2001-ல் தைவானிலிருந்து வந்த ஓர் ஆய்வு, புகைக்காத பெண்களின் நுரையீரல் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் எச்.பி.வி. 16, 18 வகைகள் இருந்ததாகச் சொன்னது. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆய்வில், புற்றுநோயே இல்லாதவர்களின் நுரையீரல் திசுவிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் அதே வைரஸ் தென்பட்டது. ஐரோப்பாவில் கட்டித் திசுவையும் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு, காரணத் தொடர்பு எதுவும் இல்லை என்றது.

ஒரே கேள்விக்கு ஊருக்கு ஊர் இவ்வளவு மாறுபட்ட விடை வருவதற்கு ஒரு காரணம் ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கிறது. பயாப்சி எடுத்த துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் நாலைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவுவார்கள். சீவிய ஏடுகளை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் எடுப்பார்கள். பெரிய ஆய்வகங்களுக்குத் தினமும் கருப்பை வாய்த் துணுக்குகள் வரும், அவற்றில் எச்.பி.வி. நிறைய இருக்கும். காலையில் அதைச் சீவிய கத்தியிலும் தொட்டி நீரிலும் ஒட்டியிருக்கும் துகள், மத்தியானம் சீவும் நுரையீரல் துணுக்கில் ஏறிவிடலாம். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வேலைக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. பி.சி.ஆர். அப்படியல்ல, ஒரு சில மூலக்கூறு இருந்தாலே கோடிக்கணக்கில் பெருக்கி ‘பாசிட்டிவ்’ என்று காட்டிவிடும். அதனால்தான் வைரஸின் டி.என்.ஏ. கிடைத்தது என்பதோடு நில்லாமல், ஈ6, ஈ7 என்ற அதன் புற்று மரபணுக்கள் ஆர்.என்.ஏ. உருவாக்கி வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறோம். அப்படிக் கறாராகப் பார்த்த ஆய்வுகளில் எச்.பி.வி. உள்ள நுரையீரல் கட்டிகள் மிகக் குறைவு. அந்தக் குறைவிலும் சில, தொண்டையிலோ கருப்பை வாயிலோ தொடங்கி நுரையீரலுக்குப் பரவியவை.

மருத்துவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. எச்.ஐ.வி. உள்ள பெண்ணின் நுரையீரல் கட்டியில் எச்.பி.வி. உறுதியாக இருந்தால், ‘நுரையீரலில் எச்.பி.வி. புற்றுநோய்’ என்று எழுதிவிடாமல் முதலில் கருப்பை வாயையும் ஆசனவாயையும் தொண்டையையும் பரிசோதிக்க வேண்டும்.

எச்.பி.வி. நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்குவதாக உறுதிப்பட்ட ஓர் அபூர்வ நிலை உண்டு. 6, 11 வகைகளால் குரல்வளையில் திரும்பத் திரும்ப மருக்கள் முளைக்கும் நோய் அது. சிலருக்கு அது நுரையீரல்வரை இறங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறும். சிறு வயதிலிருந்து குரல் கம்மி, பலமுறை அறுவை செய்துகொண்டவர்களின் கதை இது. உங்களுடையது அல்ல.

ஈ.பி.வி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிம்போஎபிதீலியல் கார்சினோமா என்ற ஒரு வகை நுரையீரல் புற்றுநோயில் ஈ.பி.வி.க்கு உண்மையான பங்கு உண்டு. தென்சீனா, ஹாங்காங், தைவான் பகுதிகளில் புகைக்காத, ஒப்பீட்டளவில் இளவயதினரிடம் பார்க்கப்படும் அபூர்வ வகை. அங்கே அது வருவதற்கும் எச்.ஐ.வி.க்கும் சம்பந்தமில்லை. எச்.எச்.வி.-8 உண்டாக்கும் கபோசி சர்கோமா நுரையீரலிலும் வரும். மூச்சுக்குழலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் ஊதா கலந்த சிவப்புத் திட்டுகளாகத் தெரியும். அது நுரையீரல் புற்றுநோய் என்ற கணக்கில் சேராது. ரத்தக்குழாய்ச் சுவர் செல்களின் நோய் அது. இந்தியாவில் அதுவும் அரிது.

மனிதர்களை விட்டு ஆடுகளுக்கு வந்தால், வைரஸ் நேரடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவதற்குச் சந்தேகமே இல்லாத உதாரணம் கிடைக்கிறது. எச்.ஐ.வி. சேர்ந்துள்ள ரெட்ரோவைரஸ் குடும்பத்தில் யாக்சீக்டே என்றொரு செம்மறியாட்டு வைரஸ் உண்டு. அதன் வெளியுறைப் புரதமே நுரையீரல் செல்லைப் புற்றாக்கிவிடும். குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுக்கு 2003 பிப்ரவரியில் வந்தது இதுதான். கட்டி பெரிதாகிவிட்டதால் கருணைக்கொலை செய்தார்கள். ஒரே குடும்ப வைரஸ் என்பதால் மனிதக் கட்டிகளிலும் இதைத் தேடினார்கள். நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. ஆட்டுக்கறி சாப்பிடுபவர்கள் பயப்படத் தேவையில்லை.

அப்படியானால் எச்.ஐ.வி.யே குற்றவாளியா? எச்.ஐ.வி. தங்குவது சி.டி.4 வெள்ளையணுக்களிலும், நுரையீரலின் காற்றறைகளில் துப்புரவு வேலை செய்யும் மேக்ரோஃபேஜ் செல்களிலும். புற்றுநோய் தொடங்கும் உள்வரிச் செல்களில் அது குடியிருப்பதில்லை. பாதிக்கப்பட்ட செல்கள் வெளியேற்றும் டாட் என்ற புரதம் அக்கம்பக்கத்துச் செல்களைத் தூண்டிவிடுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் குடுவையில் நடப்பதெல்லாம் மனித நுரையீரலில் நடப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. எச்.ஐ.வி.யைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. 2012-ல் வெளியிட்ட அதன் தொகுதியில், போதுமான சான்று உள்ளவை என்று எழுதிய உறுப்புகளின் பட்டியலில் நுரையீரல் இல்லை.

மறைமுகமாக எச்.ஐ.வி. செய்வது வேறு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சி.டி.4 குறைவாக இருந்த காலம், சி.டி.4-க்கும் சி.டி.8 என்ற மற்றொரு வகை வெள்ளையணுவுக்கும் உள்ள விகிதம் குறைந்திருப்பது, பாக்டீரியா நிமோனியா திரும்பத் திரும்ப வந்தது ஆகிய மூன்றும் நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடையவையாக இருந்தன. புண்பட்டு ஆறி, மறுபடியும் புண்படும் திசுவில் செல்கள் ஓயாமல் பெருக வேண்டியிருக்கும். அப்படிப் பெருகும்போது புகையின் நச்சு மரபணுவில் உண்டாக்கிய சேதமும் சேர்ந்து பெருகும். மாறிப்போன செல்லைக் கண்டுபிடித்து அழிக்க வேண்டிய அணுக்களோ குறைவு. டிபி ஆறிய தழும்பும் இந்தக் கணக்கில் சேரும். உங்கள் விஷயத்தில் சி.டி.4 88 வரை இறங்கியிருந்ததும், டிபி வந்ததும், பீடியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. முதல் இரண்டும் நடந்து முடிந்தவை. மூன்றாவது இன்றும் நடக்கிறது.

மசாசூசெட்ஸில் செய்த ஒரு கணினி மதிப்பீடு 2017-ல் வெளியானது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் எச்.ஐ.வி. உள்ளவர் புகைப்பதை மட்டும் விடாவிட்டால், அவர் எய்ட்ஸ் தொடர்பான நோயில் இறப்பதைவிட நுரையீரல் புற்றுநோயில் இறக்கும் வாய்ப்பு 6 முதல் 13 மடங்கு என்றது. 13 ஆண்டு தவறாமல் மாத்திரை சாப்பிட்டுச் சம்பாதித்த ஆயுளைப் பீடிக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

பீடிக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். நம் ஊர் மருத்துவமனைகளில் ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம் என்று பெருக்குவார்கள்: 15 × 22 = 330. 300-ஐத் தாண்டினால் அதிகம் புகைத்தவர். மேல்நாட்டுக் கணக்கு பாக்கெட்-வருடம்: 20 சிகரெட் ஒரு பாக்கெட். ஒரு பீடியை ஒரு சிகரெட்டாக வைத்தால் 15-ஐ 20-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் 16.5. பீடியில் புகையிலை குறைவு என்பதால் பாதியாகக் கணக்கிட நினைப்பார்கள், தவறு. பீடி இலையில் காற்று புகாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் இழுப்பு கூடி, தாரும் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல், சில சமயம் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

இந்த எண் எதற்கு? குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்து, அறிகுறி வருமுன்பே கட்டியைக் கண்டுபிடிக்கலாம். 2011-ல் வெளியான அமெரிக்கப் பெரும் ஆய்வில், ஆண்டுக்கு ஒன்றாக இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பலன் இல்லை என்றும் தெரிந்துவிட்டது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 50 முதல் 80 வயது, குறைந்தது 20 பாக்கெட்-வருடம், இன்னும் புகைப்பவர் அல்லது விட்டு 15 ஆண்டு ஆகாதவர் இதற்குத் தகுதி. நீங்கள் வயதிலும் எண்ணிலும் கொஞ்சம் கீழே நிற்கிறீர்கள். ஆனால் அந்த வரம்பு பொதுமக்களுக்காகப் போட்டது. பிரான்சில் 40 வயது கடந்த, அதிகம் புகைத்த, ஒரு காலத்தில் சி.டி.4 350-க்குக் கீழே இறங்கியிருந்த எச்.ஐ.வி. உள்ள 442 பேருக்கு இந்த ஸ்கேன் எடுத்தபோது சுமார் 2 சதவீதம் பேரிடம் புற்றுநோய் இருந்தது. பலர் 55 வயதுக்குள். ஆகவே உங்கள் நுரையீரல் மருத்துவரிடம் ஒருமுறை ஸ்கேன் எடுப்பது பற்றிப் பேசுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

பேசும்போது இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். அதே அமெரிக்க ஆய்வில், ஸ்கேனில் ‘ஏதோ இருக்கிறது’ என்று வந்தவற்றில் 96 சதவீதம் புற்றுநோய் அல்ல. நம் நாட்டில் டிபி தழும்பும் சுண்ணாம்பு படிந்த முடிச்சும் சாதாரணம் என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். உங்களுக்கு டிபி வந்ததால் ஏதாவது ஒரு புள்ளி தெரியத்தான் செய்யும். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் வீட்டில் எங்கே கிடந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அதே இடத்தில் அதே அளவில் அன்றும் இருந்த புள்ளிக்கு ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கத் தேவைப்படாது. புதிதாக வந்ததோ, வளர்ந்ததோதான் கவலை. கேட்கும்போது ‘லோ டோஸ்’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவெர்ட்தான். சாதாரண மார்பு சி.டி.யில் இதைப் போல நாலைந்து மடங்கு.

பீடியை விடுவது பற்றி. 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசினால் நாள் குறித்து, தொடர்ந்து கூப்பிட்டு உதவுவார்கள். எச்.ஐ.வி. பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நிகோட்டின் சூயிங்கம் எடுப்பதாக இருந்தால், எழுந்து அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும். அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். பலருக்கு இது பலிக்காமல் போவதற்குக் காரணம் பபுள்கம் மாதிரி மெல்லுவதுதான். காரம் நாக்கில் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி. வேகமாக மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், நிகோட்டின் ஏறாது. மெல்லுவதற்கு கால் மணி முன்னாலிருந்து டீ, காபி வேண்டாம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அடுத்த ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

இதில் உங்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு மோதும் இடம் ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலானோர் சாப்பிடும் டி.எல்.டி. மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. சூயிங்கம்மால் நெஞ்செரிகிறது என்று அன்டாசிட் திரவம் குடித்தால், அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. டி.எல்.டி.யை அன்டாசிட்டுக்கு 2 மணி முன்போ 6 மணி கழித்தோ சாப்பிடுங்கள். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று தூக்கம். பீடியை விட்டதும் முதல் இரண்டு வாரம் தூக்கம் கெடும். டோலுடெக்ராவிரும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டும் சேரும்போது ‘பீடியை விட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. இரவில் சாப்பிடும் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மையத்தில் கேளுங்கள். புகையை விட உதவும் வாரெனிக்ளின் மாத்திரை டி.எல்.டி.யோடு மோதாது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து மருத்துவர் எழுதித் தரலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், புகையை விட்டு ஐந்தாண்டு கடந்த பிறகும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கணிசமாக மிஞ்சியிருந்தது. அதனால் இன்றைக்கு விட்டாலும் ஸ்கேன் பற்றிய பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்முவது, ஒரு பக்கத் தோள்வலி, விரல் நுனி உருண்டு நகம் வளைவது ஆகிய எதுவானாலும் உடனே போங்கள். டிபி ஏற்கெனவே வந்தவர் என்பதால் ‘மறுபடி டிபி’ என்று மருந்து தொடங்கிவிட வாய்ப்பு அதிகம். அப்படிக் காலம் போனபிறகு கண்டுபிடிக்கப்படும் நுரையீரல் புற்றுநோய்கள் நம் ஊரில் ஏராளம். டிபிதான் என்றால், கிருமியின் மரபணுவைச் சளியில் தேடும் சிபிநாட் சோதனை பெரும்பாலும் அதைக் காட்டிவிடும். கிருமி தென்படாமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மருந்து தொடங்கியிருந்து, ஒன்றிரண்டு மாதத்தில் படமும் உடம்பும் தேறவில்லை என்றால், சி.டி.யும் பயாப்சியும் செய்யுங்கள் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்படிப் புற்றுநோய் என்றே வந்தாலும் ஏ.ஆர்.டி.யை நிறுத்தக் கூடாது. ரிட்டோனவிர் உள்ள மருந்துக் கூட்டில் இருப்பவர்களுக்கு டோசிடாக்செல் முதலான கீமோ மருந்துகளும் சில மாத்திரைகளும் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறும். டி.எல்.டி.யில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. டோலுடெக்ராவிர் சாப்பிடுபவர்களுக்கு சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே சிறுநீரகத்தின் நிலையை அளக்கும் கிரியேட்டினின் சற்று கூடிக் காட்டும். அதைப் பார்த்து சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து தர முடியாது என்று முடிவு செய்துவிடாமல் இருக்க, இந்த மருந்து சாப்பிடுவதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே நேரம் டி.எல்.டி.யில் உள்ள டெனோபோவிரும் சிஸ்பிளாட்டினும் இரண்டுமே சிறுநீரகத்தைச் சோதிப்பவை, கண்காணிப்பு வேண்டும். கீமோவில் சி.டி.4 350-க்குக் கீழே இறங்கினால் தொற்றுத் தடுப்பு மருந்தான கோட்ரைமாக்சசோல் தொடங்குவார்கள்.

நீங்கள் கேட்ட வைரஸ் டெஸ்ட்டுக்கு வருகிறேன். நுரையீரலில் இன்ன வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து, புற்றுநோய் வருமா வராதா என்று சொல்லும் ரத்தச் சோதனையோ சளிச் சோதனையோ இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள். எச்.பி.வி. தடுப்பூசி நல்ல ஊசிதான். ஆனால் நுரையீரலைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை. அமெரிக்காவில்கூட 45 வயதுவரைதான் அனுமதி. இளம் வயதில், தொற்றுக்கு முன் போடுவதில்தான் அதன் முழுப் பலன். உங்கள் நுரையீரலுக்கு உதவும் ஊசிகள் வேறு: நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி, ஆண்டுதோறும் போடும், செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ஃப்ளூ ஊசி. நியூமோகாக்கலில் பி.சி.வி.-13 என்ற ஊசி போடுவதானால் அது முதலில், குறைந்தது 8 வாரம் கழித்து பி.பி.எஸ்.வி.-23 என்ற ஊசி. பெரியவர்களுக்கு இவற்றைப் பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். டிபி தடுப்பு மாத்திரை உங்களுக்குத் தரப்பட்டதா என்று மையத்தில் உங்கள் அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி புகைக்காதவர் என்பதால் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து மிகக் குறைவு. அவருக்கு ஸ்கேன் தேவையில்லை. ஆனால் வீட்டுக்குள் நீங்கள் விடும் புகை அவர் ஆபத்தைக் கால் பங்கு அளவுக்குக் கூட்டும். விறகடுப்பு இருந்தால் அதுவும் சேரும். எச்.பி.வி. பற்றிய கவலை அவருக்குப் பொருந்துவது வேறோர் இடத்தில். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதனை தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்: எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வி.ஐ.ஏ. சோதனை என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை. வி.ஐ.ஏ. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள். வலி இல்லை, சில நிமிட வேலை. அவருக்கு இதுவரை செய்யவில்லை என்றால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும் அன்றே இருவருமாகப் போய் நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே செய்கிறார்கள் என்று தெரியாவிட்டால் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணில் கேட்டால் சொல்வார்கள்.